முதுமையில் திடீரெனத் தோன்றும் மூட்டு நோய்கள்

எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் தென்கோடியிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஏரி மதகு பழுதுபார்க்கும் வேலையைப் பார்வையிட, சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில் நான் போயிருந்தேன். அவ்வூரில் நெடுங்காலம் நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவர் உண்டு. வயது எழுபதைக் கடந்தவர். மதகின் எந்தக் கல்லுக்குப் பின்னால் நீர் கசிகிறது என்பதைப் பொறியாளருக்கே சுட்டிக்காட்டக் கூடியவர். கரையில் வேலை நடக்கும் நாளில் அவர் வாராதிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. வினவியபோது, "அவருக்கு முழங்காலில் வாயு இறங்கிவிட்டது, படுத்திருக்கிறார்" என்றனர். வேலை முடிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரையும் உடனழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன்.

கயிற்றுக் கட்டிலில் அவர் கிடந்தார். வலது முழங்கால் பனங்காய் போல் வீங்கியிருந்தது. காய்ந்த புற்றுமண் பற்றுக்கு அடியில் தோல் சிவந்து மினுமினுத்தது. நோய் கண்டு அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது. முதல் நாள் தவிட்டு ஒத்தடம். இரண்டாம் நாள் எண்ணெய் இட்டு உருவியது. மூன்றாம் நாள் பற்று. நான்காம் நாள் பக்கத்து ஊரிலிருந்து காகிதத்தில் மடித்து வாங்கிவந்த பெயரறியாத மாத்திரைகள். அம்மாத்திரைகளால் ஒருவேளை வலி தணிந்ததாம். அடுத்த வேளையே இரு மடங்காயிற்றாம். "காய்ச்சல் இல்லைங்களே ஐயா, அதனால்தான் பொறுத்துப் பார்த்தோம்" என்றார் அவருடைய மனைவியார். செவிலியர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் கருவேல முள் தைத்த புண் ஒன்று ஆறாமல் சீழ் கட்டியிருந்தது. பெரியவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அந்தக் கணமே 108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி ஊர்தி வரவழைக்கப்பட்டது.

மருத்துவமனையில் ஊசி கொண்டு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தனர். வந்தது நீரன்று, சீழ். அன்று மாலையே மூட்டைத் திறந்து கழுவினர். ஏறக்குறைய ஆறு வாரம் மருந்து செலுத்த வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். ஆனால் அக்கால் இன்று பாதிக்குமேல் மடங்குவதில்லை. முதல் நாளோ இரண்டாம் நாளோ கொண்டுவந்திருந்தால் இந்தக் குறை நேராதிருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். அவரிடம் அன்றும் அதன்பின் பல நாளும் கேட்டறிந்தவற்றையும், நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்தியம் செய்துகொள்வதற்காக இதை எழுதவில்லை. மருத்துவர் ஒரு நோயிலிருந்து மற்றொரு நோயை எவ்வாறு பிரித்தறிகிறார் என்பது நமக்குத் தெரிந்திருந்தால், யாரை இன்றே கொண்டுபோக வேண்டும், அவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது விளங்கும்.

2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் அறுபது வயது நிரம்பியவர்கள். இளைஞர்கள் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்ட பல ஊர்களில், வீட்டையும் மாட்டையும் காத்து நிற்பவர்கள் இவர்களே. இவர்களில் ஒருவர் நடை தளர்ந்தால், "வயதாகிவிட்டது, வாதம்" என்ற இரு சொற்களில் அதை முடித்துவிடுகிறோம். முழங்கால் எலும்பு பல்லாண்டுகளாகத் தேய்ந்து சிறுகச் சிறுக வலிப்பது வேறு. நேற்றுவரை நடந்தவர் இன்று எழமுடியாமல் கிடப்பது வேறு. முதலாவது முதுமையின் இயல்போடு ஒட்டியது எனலாம். இரண்டாவதற்கு முதுமை காரணமாகாது. ஒரே இரவில் ஒருவருக்கும் வயதாகிவிடுவதில்லை.

மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை மூட்டுகள் என்பது. அடுத்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது. இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்தால் பாதி வழி கடந்தாயிற்று.

ஒரே ஒரு மூட்டு, சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ வீங்கிச் சூடேறி, தொடவும் அசைக்கவும் முடியாதபடி வலித்தால், வேறு காரணம் என்று தெளியும்வரை அதைக் கிருமி நுழைந்த மூட்டு என்றே கொள்ள வேண்டும் என்பது மருத்துவத் துறையில் நிலைபெற்ற விதி. தோலிலோ பாதத்திலோ சிறுநீர்ப் பையிலோ உள்ள கிருமிகள் இரத்தத்தின் வழியே மூட்டை அடைகின்றன. ஸ்டபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமியே இதில் பெரும்பான்மை. எலும்பின் முனையைப் போர்த்தியுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. கிருமியை எதிர்த்து வந்து கூடும் வெள்ளணுக்கள் வெளிப்படுத்தும் பொருள்களே அக்குருத்தெலும்பையும் அரித்துவிடுகின்றன. இதற்கு வாரங்கள் வேண்டா, நாட்கள் போதும். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே அபாயம். தக்க சிகிச்சை பெறுவோரிலும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இறந்துவிடுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இங்கே இரு செய்திகளை நம் கிராம மக்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, முதியவர்களுக்குக் காய்ச்சல் வந்தே தீரும் என்பதில்லை. இளைஞனின் உடல் கிருமியைக் கண்டதும் கொதிக்கும்; முதியவரின் உடலில் அந்தச் சூடு எழாமலே போகலாம். பேச்சுத் தடுமாற்றம், உணவில் வெறுப்பு, காரணமற்ற சோர்வு ஆகியவையே சில வேளை அடையாளம். எனவே காய்ச்சல் இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளலாகாது. இரண்டாவது, சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பழுதுற்றோர், முன்னமே மூட்டு தேய்ந்தோர், செயற்கை மூட்டு பொருத்தப்பட்டோர், ஸ்டீராய்டு மருந்து உண்போர் ஆகியோரிடம் இந்நோய் எளிதில் வந்து புகும். நம் நீர்பாய்ச்சியாரிடம் சர்க்கரை, புண், தேய்ந்த முழங்கால் ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தன. செவிலியர் முழங்காலை விட்டுவிட்டுப் பாதத்தைப் பார்த்ததன் நுட்பம் எனக்குப் பின்னரே விளங்கிற்று.

மூட்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது பற்றி நம் ஊர்களில் ஒரு பெரும் அச்சம் நிலவுகிறது. "ஒருமுறை எடுத்தால் சுரந்துகொண்டே இருக்கும்" என்பர். இது தவறு. நீர் சுரப்பது நோயினால், ஊசியினாலன்று. நோய் தணிந்தால் சுரப்பும் நிற்கும். நல்ல முழங்காலில் சில துளி நீரே இருக்கும். முட்டையின் வெண்கரு போல் வழுவழுப்பாய்த் தெளிந்திருக்கும். நோயுற்ற மூட்டில் அது பெருகிக் கலங்குகிறது. எடுத்த நீரை மூன்று வகையில் ஆராய்கின்றனர். வெள்ளணுக்கள் எத்தனை என்று எண்ணுவர். ஒரு கன மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டிருந்தால் கிருமி என்ற ஐயம் வலுக்கும். குறைந்திருந்தால் மட்டும் கிருமி இல்லை என்று உறுதி சொல்வதில்லை. கிருமிகளைச் சாயமேற்றிப் பார்ப்பதும், வளர்த்துப் பார்ப்பதும் இரண்டாவது வகை. படிகங்கள் உண்டா என்று நுண்ணோக்கியில் தேடுவது மூன்றாவது. கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்னரே இந்நீரை எடுத்துவிடுதல் வேண்டும். மருந்துக் கடையில் நாமாக வாங்கி நான்கு மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் போனால், கிருமி வளர்ப்புச் சோதனையில் ஒன்றும் முளைக்காமல் போய், எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பதை அறியும் வாய்ப்பு கெட்டுவிடும். கடையில் வாங்கிய மாத்திரைகளின் தீங்குகளில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

படிகங்கள் என்றேன். ஒற்றை மூட்டு திடீரென வீங்குவதற்கு மற்றொரு பெருங்காரணம் இவையே. இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் மூட்டுக்குள் ஊசி போன்ற நுண்ணிய உப்புப் படிகங்களாய்ப் படிந்து, ஒருநாள் இரவில் நெருப்பு வைத்தாற்போல் எரியத் தொடங்கும். கால் பெருவிரலின் அடி மூட்டு இதற்குப் பேர்போன இடம். போர்வை பட்டாலும் பொறுக்க முடியாது. சிகிச்சை இன்றியும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணிவதால், கடைசியாக எந்தப் பச்சிலையைக் கட்டினார்களோ அதற்குப் பெருமை சேர்ந்துவிடுகிறது. பின்னர் மீண்டும் வரும், இடைவெளி குறையும். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர்களான மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்னும் இருவர், ஒளியை ஒருமுகப்படுத்தும் தனிவகை நுண்ணோக்கியில் மூட்டு நீரை வைத்து இப்படிகங்களைத் தெளிவாக இனங்காணும் முறையை வெளியிட்டனர். அதுவரை அடையாளங்களை வைத்து ஊகித்து வந்ததை, அதன்பின் கண்ணாலேயே காண முடிந்தது.

இரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நோய் சீறி நிற்கும் நாளிலேயே பலருக்கு அந்த அளவு இயல்பாகக் காணப்படுவதுண்டு. தணிந்து இரண்டொரு வாரம் சென்றபின் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். அன்றியும், யூரிக் அமிலம் மிகுந்தும் ஆயுள் முழுதும் மூட்டு நோயே அறியாதவர் பலர். ஆகவே பரிசோதனைத் தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைக் கண்டு நோயைத் தீர்மானிப்பது பிழை. இரத்தக் கொதிப்புக்காகத் தரப்படும் நீர் பிரியும் மாத்திரைகளும், இருதயத்துக்காக நாள்தோறும் உண்ணும் சிறிய ஆஸ்பிரின் மாத்திரையும் யூரிக் அமிலத்தை ஏற்றக் கூடியவை. மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு இந்நோய் வருவது பெரும்பாலும் இவ்வழியே. கால் பெருவிரலை விட்டுக் கைவிரல்களில் தோன்றுவதும் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாத்திரைகளைத் தாமே நிறுத்திவிட வேண்டா. மருத்துவரிடம் எடுத்துக் காட்டினால் போதும்.

உணவைப் பற்றி ஒரு சொல். மூட்டு வலி என்றதும் உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு ஆகியவற்றை "வாயுப் பண்டம்" என்று முதியவரின் இலையிலிருந்து விலக்கிவிடுகின்றனர். யூரிக் அமில நோயில் குறைக்க வேண்டியவை மதுவும், ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியும், சிலவகை மீன்களும், இனிப்பூட்டிய குளிர்பானங்களுமே. பருப்பினால் இந்நோய் மிகுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கஞ்சியும் ஊறுகாயுமாய்க் காலம் கழிக்கும் கிழவிக்குப் பருப்பையும் மறுப்பது தசையைக் கரைத்து அவளைக் கீழே விழச் செய்யும் வழியாகும்.

அறுபதைக் கடந்தோரின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் இதே போன்ற வீக்கத்தைச் செய்யும் மற்றொரு படிகம் உண்டு. அது சுண்ணச் சத்துச் சேர்ந்த பைரோபாஸ்பேட் உப்பு. 1962இல் மேற்படி மெக்கார்ட்டியும் அவருடைய தோழர்களும் இதைப் போலிக் கவுட் என்று பெயரிட்டு விவரித்தனர். வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் படுத்திருக்கும்போதோ, அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலோ இது தலைதூக்கும். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பின்மேல் வெண்கோடு போல் சுண்ணம் படிந்திருப்பது தெரியும். படிகம் கண்டதனாலேயே கிருமி இல்லை என்று ஆகிவிடாது; இரண்டும் ஒரே மூட்டில் கூடி வருவதுண்டு. அதனாலேயே நீரை மூன்று வகையிலும் ஆராய வேண்டியிருக்கிறது.

இனி, பல மூட்டுகள் ஒருசேர வலிப்பதைப் பார்ப்போம். தெருவில் நான்கு வீடுகளில் ஒரே வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் கண்டால், சிக்குன்குனியா என்ற ஐயம் எழ வேண்டும். 1952-53ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா நாட்டில் மக்கொண்டே மக்கள் வாழும் பகுதியில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. வளைந்து கோணிப்போவது என்னும் பொருள்படும் அவர்களுடைய சொல்லே நோயின் பெயராயிற்று. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூர்ப் பகுதிகளிலும் பரவியது. பின்னர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 2005ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் கிளம்பி, 2006இல் நாடெங்கும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை வருத்தியதாகப் பதிவாயிற்று. அவ்வாண்டில் கோல் ஊன்றி நடந்தவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இளைஞர் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினர். முதியோரில் பலருக்கு வலி மாதக்கணக்கில் நீடித்தது.

இதில் இரத்தப் பரிசோதனைக்கும் காலம் உண்டு. காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நாள் கழிந்த பின்னரே எதிர்ப்பொருள் சோதனையில் நோய் நன்கு புலப்படும். இரண்டாம் நாளே சோதித்து "இல்லை" என்று வந்த தாளை நம்பி இருந்துவிடலாகாது. டெங்கு அன்று என்று தெளியும்வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளை உண்பது இரத்தக் கசிவுக்கு இடமாகும். இவ்விரு நோய்களையும் சுமந்து வருவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. அது முட்டையிடுவது நம் வீட்டு நன்னீரில். அதன் முட்டைகள் நீர் வற்றிய தொட்டியின் சுவரில் பல மாதம் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே சிமெண்டுத் தொட்டியில் நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். இதைச் சொல்லும்போது என் மேசைக்கு வரும் பதிவேடுகள் நினைவுக்கு வருகின்றன. "தொட்டி சுத்தம் செய்யப்பட்டது" என்ற பதிவு ஒவ்வொரு வாரமும் தவறாமல் இருக்கும். தேய்த்தார்களா என்ற கேள்வியை நான் கேட்கத் தொடங்கியது அண்மையில்தான்.

அடுத்து எழுதுவது என் சொந்த வீட்டில் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், எழுபத்தொரு வயதான என் தாயார், காலையில் எழுந்ததும் தம் கூந்தலை முடிய முடியாமல் தவித்தார். இரு தோள்களும் இரு தொடையின் மேற்பகுதியும் கட்டிப்போட்டாற்போல் இறுகியிருந்தன. படுக்கையில் புரள இயலவில்லை. பகல் பதினொரு மணிக்குமேல் சிறிது தளர்ந்து நடமாடுவார். மூட்டில் வீக்கம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. "இனி எல்லாம் இப்படித்தானப்பா" என்று அவரும் சொன்னார். நானும் அப்படியே எண்ணினேன். பகல் முழுதும் ஒன்றியத்தின் ஊர்களைச் சுற்றிவிட்டு இரவில் வீடு திரும்பிய நான், காலையில் அவர் படும் பாட்டைக் கண்டதேயில்லை. ஆறு வாரம் இவ்வாறு சென்றது. அவருடைய உடை தளர்ந்து, உடல் இளைத்திருப்பதை ஊரிலிருந்து வந்த என் தமக்கையார்தான் கண்டு சொன்னார்.

மருத்துவர், "காலையில் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று வினவினார். தேய்மான மூட்டாயின் அரைமணிக்குள் தளர்ந்துவிடும். முக்கால் மணிக்கு மேற்பட்டால் அழற்சி நோய் என்று கருத இடமுண்டு. பின்னர் இரத்தத்தில் செவ்வணுக்கள் படியும் வேகத்தைச் சோதிக்கச் செய்தார். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்று பார்க்கும் எளிய சோதனை இது. வயது ஏற ஏற இயல்பான அளவும் ஏறும். ஆடவர்க்கு வயதில் பாதி, பெண்டிர்க்கு வயதுடன் பத்தைக் கூட்டி அதில் பாதி என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி என் தாயாருக்கு நாற்பது வரை இருக்கலாம், எண்பத்தாறு இருந்தது. தைராய்டுக் குறைவு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளால் வரும் தசை வலி, மறைந்திருக்கும் புற்றுநோய், கிருமி நோய் ஆகியவை இல்லை என்று ஒவ்வொன்றாய் விலக்கிய பின்னர், பாலிமையால்ஜியா ருமாட்டிகா என்ற நோய் என்றார். 1957இல் பிரிட்டனைச் சேர்ந்த பார்பர் என்னும் மருத்துவர் வழங்கிய பெயர் இது. ஐம்பது வயதுக்கு உட்பட்டோருக்கு வருவதில்லை. வட ஐரோப்பிய நாடுகளில் மிகுதி, நம்மிடையே குறைவு. குறைவானதனாலேயே நினைவுக்கு வாராமல் போகிறது.

சிறிய அளவில் பிரெட்னிசலோன் தொடங்கிய நான்காம் நாள் அவர் தாமாகவே கூந்தலை முடிந்துகொண்டார். இம்மருந்தைப் பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். சர்க்கரையையும் எலும்பின் வலிமையையும் இரத்தக் கொதிப்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்நோயோடு சேர்ந்து வரக்கூடிய ஒன்றைப் பற்றி மருத்துவர் எச்சரித்தார். புதிதாகத் தோன்றும் நெற்றிப்பொட்டு வலி, தலை வாரும்போது தோலில் நோவு, மெல்லும்போது தாடை வலித்தல், பார்வை ஒருகணம் மங்கித் தெளிதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே வரவேண்டும் என்றார். தலையின் இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று அடைபடுவதன் அடையாளம் அவை. ஒருமுறை போன பார்வை திரும்புவது அரிது.

கைவிரல் கணுக்களும் மணிக்கட்டும் இருபுறமும் ஒத்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இளவயதுப் பெண்களுக்கே உரிய நோய் என்று எண்ணப்படும் இது, அறுபதுக்குப் பின்னும் புதிதாய்த் தோன்றுகிறது. அவ்வயதில் ஆடவருக்கும் வருகிறது. திடீரெனத் தோள்களில் தொடங்கி மேற்சொன்ன நோய்போல் வேடம் காட்டுவதும் உண்டு. வேறு சிலருக்கு இரு புறங்கைகளும் பொதியாய் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். 1985இல் விவரிக்கப்பட்ட மற்றொரு நோய் அது. இதைச் சிறுநீரகக் கோளாறு என்றே பலர் எண்ணிவிடுவர்.

ஊர்ப்புறத்துப் பரிசோதனை நிலையங்களில் "வாத சோதனை" என்ற பெயரில் இரண்டு இரத்தச் சோதனைகளைச் சேர்த்துச் செய்வது வழக்கமாயிருக்கிறது. அவற்றுள் ஒன்றான ஆர்.ஏ. காரணி, நோயே இல்லாத முதியோர் சிலரிடமும் காணப்படுவது. முடக்குவாதம் உள்ள சிலரிடம் காணப்படாதது. மற்றொன்றான ஏ.எஸ்.ஓ., தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து சிறுவர்க்கு வரும் வாதக் காய்ச்சலை ஆராய்வதற்குரியது. எழுபது வயதுப் பாட்டியின் முழங்கால் வலியில் அதற்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அதற்கும் பணம் கட்டி, அத்தாளைக் கண்டு கலங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னதைவிடத் தெளிவாக முடக்குவாதத்தைச் சுட்டும் சி.சி.பி. எதிர்ப்பொருள் சோதனை உள்ளது. எதைச் செய்வது என்பதை உடலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டுமே தவிர, விலைப்பட்டியல் சொல்லலாகாது.

மூட்டு நோய் போல் தோன்றி மூட்டு நோயல்லாதவையும் உண்டு. கிணற்றடியிலோ வாயிற்படியிலோ வழுக்கி விழுந்த முதியவர் "முழங்கால் வலிக்கிறது" என்பார். முழங்காலில் ஒன்றும் இராது. இடுப்பெலும்பு மூட்டில் தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கும். இடுப்பின் வலி முழங்காலில் தெரிவது நரம்புகளின் அமைப்பினால். மல்லாந்து படுத்திருக்கும்போது ஒரு கால் குட்டையாய், பாதம் வெளிப்புறம் சாய்ந்திருந்தால் முறிவு என்றே கொள்ளலாம். சில முறிவுகளில் இந்த அடையாளமும் இராது. ஊன்ற முடியவில்லை என்பது ஒன்றே சான்று. அவரை எழுப்பி நடக்கவைத்துப் பார்ப்பதும், உருவிவிடுவதும் பெருந்தீங்கு. திடீரென இடது தோளும் கையும் வலித்து வியர்த்துக் கொட்டுமாயின் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலம் தேட நேரமில்லை. படுத்தாலும் விடாமல் இரவெல்லாம் எலும்பில் வலி, கூடவே உடல் மெலிதல் என்றால் புற்றுநோய், காசநோய் இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

காகிதப் பொட்டலத்து மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடி, உருண்டை, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது எந்த வீக்கத்தையும் ஓரிரு நாள் அமர்த்தும். அமர்த்துவதே அபாயம். சீழ் கட்டிய மூட்டில் வலி தணிந்து, நோய் உள்ளே பெருகும். மாதக்கணக்கில் உண்டவர்க்கு முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு வலுவிழக்கும். அவ்வாறு நெடுநாள் உண்டவர் திடுமென நிறுத்தினாலும் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கி விழக்கூடும். மருத்துவரிடம் சொல்லியே குறைக்கவேண்டும். சாதாரண வலி மாத்திரைகளிலும் டைக்ளோபினாக் போன்றவை முதியவரின் சிறுநீரகத்தையும் குடலையும் தாக்கக் கூடியவை. மலம் கருந்தார் போல் போனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள்.

மருத்துவமனைக்குப் புறப்படும்முன் வீட்டிலுள்ள படித்த பிள்ளை ஒருவர் அரைத்தாள் எடுத்துச் சில செய்திகளை எழுதிக்கொள்ளலாம். எந்த நாள், எந்த வேளையில் தொடங்கிற்று, முதலில் எந்த மூட்டு, பிறகு எது, காலை இறுக்கம் எத்தனை மணிவரை, விழுந்ததுண்டா, புண், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் உண்டா, அண்டை வீடுகளில் யாருக்கேனும் அதுபோல் உண்டா, இதற்குமுன் இவ்வாறு வந்து தானே தணிந்ததா என்பன அவை. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், பொட்டலத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்க. திட்டுவார் என்று அஞ்சி அப்பொட்டலத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவோரே மிகுதி என்றார் மருத்துவர். கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் முதியவர் தம் கதையை மழைக்காலத்திலிருந்து தொடங்குவார்; அரைத்தாள் இருந்தால் மருத்துவரின் நேரம் உடலைப் பரீட்சிப்பதற்கு மிஞ்சும்.

ஒற்றை மூட்டு வீங்கிச் சூடேறி அசைக்க முடியாதிருப்பவர், விழுந்தபின் காலை ஊன்ற முடியாதவர், தலைவலியோடு பார்வை மங்குபவர் ஆகிய மூவரும் அன்றைக்கே மருத்துவமனை சேரவேண்டியவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூட்டு நீர் எடுக்கும் வசதி இல்லையெனில், அங்கே காத்திராமல் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் ஓரிரு நாளில் செல்லலாம். ஆனால் வாரக்கணக்கில் பொறுத்திருப்பது நான் செய்த தவறு.

நீர்பாய்ச்சியார் இப்போது மதகருகே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு வேலையைக் கவனிக்கிறார். கால் மடங்காமையால் அவர் வீட்டுக் கழிப்பறையில் குந்தி அமர முடியவில்லை. அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறைதான். மடங்காத முழங்காலை யாரும் எண்ணிக் கட்டியதில்லை. ஊரிலுள்ள பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர், பீங்கானின்மேல் வைக்க இரும்புக் குழாயில் நான்கு கால் இருக்கையொன்றும் சுவரில் பிடிமானக் கம்பியும் செய்து கொடுத்தார். இருக்கையின் உயரம் பதினெட்டு அங்குலம். அதன் அளவுகளை வரைந்து வாங்கி எங்கள் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிச் செயலர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஐந்து ஊர்களிலிருந்து, கம்பியைச் சுவரில் எவ்வளவு உயரத்தில் பதிக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.